எதிர் நாற்காலி

பிப்ரவரி 6
ஓட்டல் அறை, நான்காவது மாடி

அன்புள்ள குருவிக்கு,

தொலைபேசியில் கூப்பிட்டால் சகலைதான் எடுக்கிறார். "அவ தூங்குறாப்பா" என்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததே இல்லை. பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொல்லிவிட்டு இருமுகிறார். அவருக்குத் தொண்டை கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

சண்டையைப் பற்றி இதில் ஒரு வரி இருக்காது. விஷயம் சாப்பாடு.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரத்தை நோயாளிகள் வராத நேரத்தில்தான் என் கையில் விடுவார்கள். எல்லாம் சரிபார்த்து, மூடியை மாட்டி, கை கழுவி வெளியே வந்தால் காலை பத்தரை ஆகிவிடுகிறது. ஓட்டலில் காலைச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மேசை துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் இன்னும் வெங்காயம்கூட உரிக்கவில்லை. விடுமுறை நாளில் தாமதமாக எழுந்தவர்கள் இந்த நேரத்துச் சாப்பாட்டுக்கு ப்ரன்ச் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உங்களுக்கு மட்டும் அது வயித்துப்பாடு என்று நீ கேலி செய்வாய்.

இந்த ஊர் பெரிய ஊர். தெருவுக்குப் பத்துக் கடை. முதல் நாள் போன கடையில் முட்டை ரப்பராக இருந்தது. இரண்டாம் நாள் போன இடத்தில் என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள், தப்பு செய்த பையனை வகுப்பில் உட்கார வைப்பதுபோல. மூன்றாம் நாள் பிஸ்கட் பாக்கெட்டோடு அறைக்கு வந்துவிட்டேன்.

நாம் போன ஊர்களை நினைத்துப் பார்க்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். நீ தெருத்தெருவாக நடந்து ஒரு கடையைக் கண்டுபிடித்து, ஓட்டல் வரவேற்பில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பாய். நான் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தால், எதிர் நாற்காலியில் உன் கைப்பை எனக்கு இடம் பிடித்திருக்கும். சாப்பிடும்போது ரொட்டியின் ஓரத்தையெல்லாம் பிய்த்து என் தட்டில் போடுவாய். எனக்கென்னவோ ஓரம்தான் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு உனக்கு. எனக்கு ஓரம் பிடிக்காது. ஆனால் சாப்பிட்டுவிடுவேன்.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். பதில் போட்டால் பிழைத்துக்கொள்வேன்.

உன் மெக்கானிக்


பிப்ரவரி 13
அக்கா வீடு

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில்.

வாசலில் நின்று உள்ளே வாருங்கள் என்று கூப்பிடும் ஆள் இருந்தால் நடையைக் கட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பழங்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தாலும் அப்படித்தான். அந்தப் பழத்தை யாருக்கும் வெட்டித் தரமாட்டார்கள்.

ஓட்டல்காரர்களிடம் வழி கேட்காதீர்கள், அவர்களுடைய மைத்துனன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். இராப்பணி முடிந்து வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். நர்சுகள், பஸ் ஓட்டுகிறவர்கள், தபால் பிரிக்கிறவர்கள். களைத்துப்போனவர்கள் கெட்ட சாப்பாட்டுக்கு நடக்கமாட்டார்கள். நீங்கள் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில். உங்களோடு படி இறங்குகிற நர்சுகள் பின்னாலேயே போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. பின்னாலேயே என்றால் கொஞ்சம் தள்ளி. இல்லாவிட்டால் உதைதான் கிடைக்கும்.

பலகையில் எழுதியிருக்கிற பட்டியலில் ஒன்றிரண்டாவது அழித்திருக்க வேண்டும். தீர்ந்துபோகிற கடையில்தான் அன்றன்றைக்குச் செய்வார்கள். தனியாக வருகிறவருக்கு ஜன்னலோர மேசையைக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அதைக் கொடுக்கிற கடையில் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது, இதுவரை தவறியதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வருகிறவர்களை உட்கார வைத்து, முறை வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. நாள் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். இதைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தேன் பாருங்கள்.

அத்தான் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அக்கா சொல்லவில்லை.

குருவி என்று எழுத வேண்டாம்.


பிப்ரவரி 25
வேறு ஊர், தரைத்தளத்து அறை

என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாததால் மேலே இடம் விட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்ததை எழுதிக்கொள்.

நீ சொன்னது பலித்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்சுகள் கூட்டமாக வெளியேறி, பெரிய சாலையை விட்டுவிட்டு, டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு சந்தில் நுழைந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளித்தான் போனேன். சந்தின் கோடியில் ஒரு கடை. கண்ணாடியெல்லாம் உள்ளேயிருந்து ஆவி பிடித்திருந்தது. பலகையில் காளான் அழிந்திருந்தது. எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்தார்கள். உருளைக்கிழங்கை வெண்ணெயில் ஓரம் கருகும்வரை வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்தார்கள். வாசனை மட்டும் சொல்கிறேன். ருசி தெரியாது.

ஏன் தெரியாது என்றால் நான் சாப்பிடவில்லை. சாப்பிடத்தான் போனேன். தட்டு வந்ததும் கை போகவில்லை. நம்முடைய சட்டம் நினைவு வந்துவிட்டது. முதலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கூடாது, மற்றவர் வரும்வரை தட்டைத் தொடவும் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு ஊரில் நீ என்னைத் தேடி எழுந்து வர, நான் உன்னைத் தேடி வேறு வழியில் போக, மேசையும் போய் பாதிப் பகலும் போனதே, அன்றைக்குப் போட்ட சட்டம். எவ்வளவு சிரித்தோம் அதைப் போடும்போது.

பரிமாறுகிற பெண் வந்து எதிர் நாற்காலியைக் கேட்டாள். "அந்த மேசைக்கு ஒண்ணு குறையுது, எடுத்துக்கட்டுமா?" ஆள் வரும் என்று சொல்லிவிட்டேன். அப்புறமும் ஒரு முறை கேட்டாள். அப்போதும் வரும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. தட்டு ஆறிப்போய், வெண்ணெய் வெள்ளையாக உறைந்தபிறகு எழுந்து வந்தேன்.

மறுநாளும் போனேன். அப்படியேதான் நடந்தது. என்னோடு வேலை பார்க்கிற மீசையை அதற்கு மறுநாள் அழைத்துப் போனேன். "யாருக்குய்யா பாத்துக்கிட்டு இருக்க? ஆறுதுல்ல?" என்று கேட்டுவிட்டு அவனே இரண்டு தட்டையும் முடித்தான்.

நீ வா. இந்த ஊருக்கு இல்லாவிட்டாலும் அடுத்த ஊருக்கு. ஒரே ஒரு நாள் எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போ. பேசக்கூட வேண்டாம்.


மார்ச் 6
அக்கா வீடு

சண்டையைப் பற்றி ஒரு வரி இருக்காது என்று ஆரம்பித்தவர், சட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது? எவ்வளவு சிரித்தோம் என்று வேறு.

அப்படியானால் நானும் எழுதுகிறேன். எனக்கு அது ஐந்தாம் மாதம். நடக்க முடியாமல் நடந்து, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வாசலுக்கு மேலே சிவப்புத் துணி மறைப்புப் போட்ட கடையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். சீட்டை வரவேற்பில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உங்களுக்கு அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் அலையக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள் நாமே கடை பிடிப்போம் என்று தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். நான் எந்தக் கடைக்கு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே ஓட்டலுக்குப் போன் செய்து சொன்னீர்கள். வரவேற்பில் இருந்தவன் அதையும் சீட்டில் எழுதி, நம் சாவி தொங்குகிற மாடத்துக்குள், என் சீட்டின் மேலேயே வைத்துவிட்டான். மாலையில் பார்த்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததாம்.

வலி வந்ததும் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். இதோ வந்துவிடுவீர்கள், வழியில் தவறிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்திருக்க நினைத்தாலும் முடியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெண்தான் நாற்காலியின் கீழே பார்த்துவிட்டுக் கத்தினாள்.

அதே தெருவில், நாலு கடை தள்ளி, நீங்கள் எனக்கு ஆரஞ்சுச் சாறு சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆம்புலன்ஸ் உங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போயிருக்கிறது. பாவம் யாருக்கோ என்று நினைத்தேன் என்று நீங்களே சொன்னீர்கள்.

இதற்கெல்லாம் உங்கள்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வார்டுக்கு வந்து, என் கட்டில் ஓரத்தில் நின்று, நீங்கள் கேட்ட முதல் வார்த்தைக்குத்தான் கோபம். "நீ ஏன் எழுந்து போகல?"

உங்களை நான் பதிலுக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நாலு கடை தூரம். மத்தியானம்வரை ஒருத்தி வரவில்லை. நீங்கள் ஏன் எழுந்து வரவில்லை?

இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கைப் பற்றி எழுத வேண்டாம்.


மார்ச் 16
அதே தரைத்தளத்து அறை

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இரும்புச் சாமானெல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். கடிதத்தையும் எடுத்து வெளியே வைத்தேன். ஏனென்று தெரியவில்லை.

அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்கவில்லை, என்னையேதான் கேட்டுக்கொண்டேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். கேட்டது கேட்டதுதான்.

ஏன் எழுந்து வரவில்லை என்றால், பெருமை. வேறொன்றும் இல்லை. முதல் தடவையாக நானே ஒரு கடை பிடித்திருக்கிறேன், நல்ல மேசை, பாலம் தெரிகிற ஜன்னல். நீ உள்ளே நுழைந்ததும் உன் முகம் எப்படி மாறும் என்று அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வராதபோது தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். தூங்கட்டும், எழுந்து வரும்போது நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்து போனால் மேசை போய்விடும். அவ்வளவுதான். ஒரு மேசை போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இது பதில் ஆகுமா என்று தெரியாது. என்னிடம் இருப்பது இதுதான்.

மாதக் கடைசியில் உன் அக்கா வீட்டிலிருந்து ரயிலில் ஒரே பகலில் வந்து போகிற தூரத்தில் உள்ள ஊருக்குப் போகிறேன். அந்த ஊர் எனக்குப் பழக்கம்தான். ரயில் நிலையத்திலிருந்து நேரே வந்தால் தபால் நிலையம், அதைத் தாண்டி வலது பக்கம் பச்சைக் கதவு போட்ட கடை. இராப்பணிக்காரர்கள் வருகிற கடை, மீசையிடம் விசாரித்துவிட்டேன். ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு அங்கே இருப்பேன். தங்கப்போகும் ஓட்டல் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ வராவிட்டால் நான் இனி எழுதமாட்டேன். மிரட்டல் இல்லை. சகலையையும் இரும வைக்கமாட்டேன்.


மார்ச் 25
அக்கா வீடு

வருகிறேன்.

அக்கா இரண்டு நாளாகப் பேசவில்லை. அத்தான்தான் டிக்கெட் எடுத்து வந்து என் பல் ஆஸ்பத்திரி மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகிறபோது, "கைப்பைய மடியில வச்சுக்கோம்மா" என்றார். எதை நினைத்துச் சொன்னாரோ.

உங்கள் பதிலைப் பலமுறை படித்தேன். நன்றாக இல்லை. ஆனால் உண்மையாக இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் கடையில் உட்கார வேண்டாம். மேசை பிடிக்க வேண்டாம், எனக்கென்று எதையும் சொல்லி வைக்க வேண்டாம். ரயில் நிலையத்துக்கு வாருங்கள். பெரிய கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். அங்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போய்க் கடை தேடுவோம். ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் வருவதென்பது இனி என்னால் முடியாது. கிடைக்காவிட்டால் பிஸ்கட் பாக்கெட் போதும்.

சேர்ந்து நடந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்குமேல் இப்போது எழுதத் தெரியவில்லை.

குருவி


ஏப்ரல் 3
ரயிலில்

பெட்டி ஆடுகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தரைக்கே வந்துவிட்டேன். கடிகாரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தேன். பதினொன்று ஆனது. வரவில்லை. பதினொன்றரை. போகிற வருகிற ஒவ்வொரு ஆளும் தூரத்தில் உங்களைப்போல இருந்து, பக்கத்தில் வந்ததும் வேறு ஆளாகிப் போனார்கள். என் கடிதம் கிடைத்திருக்காது என்று புரிந்தது. பச்சைக் கதவுக் கடையில்தான் இருப்பீர்கள். அதுவும் புரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நாம் எழுந்து போகிற நேரத்தில் அவர் வந்துவிட்டால் என்று தோன்றியது.

அப்போது குனிந்து பார்த்தேன். என் கைப்பை பக்கத்து இடத்தில் இருந்தது. உங்களுக்கு இடம் பிடித்து நானே வைத்திருக்கிறேன், வைத்தது எனக்கே தெரியாமல். அத்தான் சொன்னதை மறந்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நடக்கக்கூட இல்லை, வெளியே நின்ற பஸ்ஸில் ஏறித் தபால் நிலையத்தில் இறங்கினேன்.

பச்சைக் கதவைத் திறந்தேன். ஜன்னலோரத்தில் ஒரு மேசை. முட்டையும் ரொட்டியும் தொடாமல் இருந்தன. காபியில் இன்னும் ஆவி இருந்தது. நாற்காலியில் உங்கள் சாம்பல் நிறக் கோட்டு. நீங்கள் இல்லை.

பரிமாறுகிற பெண் சொன்னாள். "உட்கார்ந்தே இருந்தாரு. திடீர்னு எழுந்தாரு. இன்னொரு தடவ உட்கார்ந்திருக்க முடியாதுன்னு சொல்லிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாரு. கோட்டக்கூட எடுக்கல."

நான் பஸ்ஸில் வந்தேன், நீங்கள் குறுக்குத் தெருவில் ஓடியிருப்பீர்கள். மறுபடியும் நாம். இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். யாரும் சொல்லாமல் நீங்கள் எழுந்தீர்கள். நாலு கடை தூரத்துக்கு எழாதவர், மேசையையும் கோட்டையும் விட்டுவிட்டு ரயில் நிலையம்வரை ஓடினீர்கள். அந்தக் கேள்வி எனக்குள் எங்கே முள்ளாக இருந்ததோ அங்கே தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரொம்பப் பசி. தட்டை இழுத்துச் சாப்பிட்டேன். யாருக்காகவும் காத்திராமல் நான் சாப்பிட்டது எனக்கு நினைவுதெரிந்து அதுதான் முதல் தடவை. சாப்பிடும்போதே அழுகை வந்தது, அதற்காக நிறுத்தவில்லை. முட்டை நன்றாக இருந்தது.

முடித்தபிறகு நீங்கள் திரும்பி வரும்வரை இருக்கலாமா என்று யோசித்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. இருந்தால், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் நான் இப்படித்தான் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்திருப்பீர்கள், நாம் பேசியிருப்போம், சேர்ந்தும் போயிருப்போம். பிறகு அடுத்த ஊரில், அதற்கடுத்த ஊரில், நீங்கள் கொஞ்சம் தாமதமாக வருகிற ஒவ்வொரு பகலிலும் நான் என் நாற்காலியின் கீழே பார்ப்பேன். கோபம் இருந்தவரை இது எனக்குத் தெரியவில்லை. கோபம் போனபிறகுதான் அதற்குக் கீழே இருந்தது தெரிகிறது.

அதனால் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன். வரமாட்டேன்.

கோட்டை நாற்காலியிலேயே விட்டிருக்கிறேன். குளிருகிறது, போட்டுக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 10
ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பு

அன்புள்ள குருவிக்கு,

இந்த ஊருக்கு வந்தவுடனேயே ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை ஓட்டலிலிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டார்கள். மார்ச் 25ஆம் தேதிக் கடிதத்தை ஓட்டல்காரன் நேற்றுத்தான், நான் விட்டுவந்த சலவைத் துணியோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். ரயிலில் எழுதியதை நீ ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பியிருந்தாய், அது அதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் வரமாட்டேன் என்பதை முதலில் படித்தேன், வருகிறேன் என்பதைப் பிறகு படித்தேன்.

அன்றைக்கு உன் கடிகாரத்துக்குக் கீழேயும் போய் நின்றேன். அங்கே நீ இருந்திருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூச்சிரைக்க அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு எல்லா நடைமேடையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடையில் அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். அவள் சொல்லுமுன்பே தட்டைப் பார்த்துவிட்டேன். முட்டை முழுக்கக் காலி. ரொட்டியின் ஓரங்கள் மட்டும் தட்டின் ஒரு பக்கத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. நீ வந்திருக்கிறாய், உட்கார்ந்திருக்கிறாய், சாப்பிட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது துக்கம்தான் என்று சொல்ல மாட்டேன். நீ சாப்பிட்டிருக்கிறாய் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. துக்கம் கோட்டைப் போட்டபிறகு வந்தது.

உட்கார்ந்து அந்த ஓரங்களைச் சாப்பிட்டேன். பிறகு எனக்கென்று ஒரு தட்டு சொன்னேன். வந்ததும் கை வைத்தேன். சூடாகவே சாப்பிட்டேன்.

பாதியில் பக்கத்து மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கு ஒரு நாற்காலி குறைந்தது. அந்தப் பெண் என் எதிரில் வந்து நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"எடுத்துக்கோம்மா, யாரும் வரல" என்றேன்.